உடலுக்குள் வைக்கப்படும் அமானிதம்



கழுத்துக்குக் கீழே உடல் அசையாத ஓர் இளைஞர், விரலைக்கூட அசைக்காமல் கணினித் திரையில் சதுரங்கம் ஆடிய காட்சியை 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகம் கண்டது. அவருடைய மண்டையோட்டில், ஒரு நாணயத்தின் அளவே உள்ள கருவி ஒன்றை நியூராலிங்க் என்னும் அமெரிக்க நிறுவனம் அவ்வாண்டு ஜனவரியில் பொருத்தியிருந்தது. தலைமயிரைவிட மெல்லிய 64 இழைகள் அக்கருவியிலிருந்து மூளைக்குள் இறங்கியிருந்தன. அவ்விழைகளில் 1,024 மின்முனைகள் இருந்தன.

செய்தி நம் ஊர்களிலும் பேசப்பட்டது. 'மனிதன் நினைப்பதையெல்லாம் இனி இயந்திரம் படித்துவிடும்' என்று அஞ்சியவர்கள் உண்டு. 'இனி உலகில் ஊனம் என்பதே இராது' என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. இரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருவரின் தலைக்குள் வைக்கப்பட்ட கருவி பத்தாண்டுகள் கழித்துப் பழுதானால் அதை யார் பார்ப்பார்? வைத்துவிட்டுச் சென்ற நிறுவனமே அப்போது இல்லாமற்போனால் அம்மனிதர் யாரிடம் செல்வார்?

இது வருங்காலத்தைப் பற்றிய கற்பனைக் கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். நூற்றுக்கணக்கானோர் வாழ்வில் ஏற்கெனவே நடந்து முடிந்த விஷயம் இது. அதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டுமானால் இக்கருவிகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை முதலில் அறிய வேண்டும்.

மூளை பேசும் மொழி

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை மிகச் சிறிய மின்துடிப்புகள் மூலம் ஒன்றோடொன்று பேசுகின்றன. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். இன்று வலிப்பு நோயாளிகளுக்கு மருத்துவமனையில் எடுக்கப்படும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை அதன் வழிவந்ததே.

ஆனால் தலைக்கு வெளியிலிருந்து கேட்பதற்கு ஓர் எல்லை உண்டு. மதரஸாவின் மதிலுக்கு வெளியே நின்று பாருங்கள். உள்ளே பிள்ளைகள் ஓதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியும். ஓதல் வேகமெடுப்பதும் ஓய்வதும் தெரியும். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் ஓதுகிறது என்பது தெரியாது. அது தெரிய வேண்டுமென்றால் உள்ளே சென்று அப்பிள்ளையின் அருகில் அமர வேண்டும். மூளைக்குள் மின்முனையை வைக்கும் அறுவைச் சிகிச்சை அத்தகையதே.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எபர்ஹார்ட் ஃபெட்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு குரங்கின் மூளையிலுள்ள ஒரேயொரு நரம்பணுவின் துடிப்பை ஓர் அளவுமானியின் முள்ளோடு இணைத்தார். துடிப்பு கூடினால் முள் நகரும். முள் நகர்ந்தால் தீனி கிடைக்கும். அந்த ஒற்றை நரம்பணுவைத் தானே விரைந்து துடிக்கவைக்கக் குரங்கு கற்றுக்கொண்டது. இன்றைய இத்துறையின் வித்து அந்தச் சிறு சோதனையில் இருக்கிறது.

பிறகு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நார்மன் என்பவர், 4 மில்லிமீட்டர் சதுரத்தில் நூறு நுண்ணிய ஊசிகள் நிற்கும் சிறு தகடு ஒன்றை உருவாக்கினார். பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் டோனஹ்யூ தலைமையிலான குழு 2004இல் அதை முதுகுத்தண்டு வெட்டுப்பட்ட ஓர் இளைஞரின் மூளையில், கையை இயக்கும் பகுதியின்மேல் பொருத்தியது. அவர் காயமடைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. இவ்வளவு காலம் பயன்படாதிருந்த அப்பகுதி இன்னும் பேசுமா என்ற ஐயம் பலருக்கும் இருந்தது. கையை அசைப்பதாக நினைக்குமாறு அவரிடம் கூறியபோது அந்த நரம்பணுக்கள் துடித்தன! வழிதான் அறுந்திருந்தது, புறப்படும் கட்டளை அன்றாடம் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கருவி அவருடைய நினைவுகளையோ நம்பிக்கைகளையோ படிக்கவில்லை. 'கையை வலப்பக்கம் நகர்த்து' என்று அவர் முயலும்போது எழும் துடிப்புகளின் கோலத்தைக் கணினி பலமுறை பார்த்துப் பழகுகிறது. பின்னர் அதே கோலம் எழுந்தால் திரையிலுள்ள அம்புக்குறியை வலப்பக்கம் நகர்த்துகிறது. நோயாளி முயல வேண்டும், கணினி பழக வேண்டும். இருவரும் சேர்ந்து நாள் கணக்கில் உழைத்த பின்னரே பலன் கிடைக்கிறது.

அதே குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பெண்மணியைப் பற்றிய செய்தி இருக்கிறது. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் தாக்கி, கை கால்களும் பேச்சும் போனவர் அவர். மூளையில் வைத்த தகட்டின் வழியாக ஓர் இயந்திரக் கையை இயக்கி, மேசைமீதிருந்த காபிக் குப்பியை எடுத்துத் தன் வாயருகே கொண்டுவந்து உறிஞ்சிக் குடித்தார். பிறர் கைபடாமல் ஒரு மிடறு அருந்த அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அவருடைய மூளையில் தகடு வைக்கப்பட்டு அப்போது ஐந்தாண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

அதன்பின் முன்னேற்றம் விரைந்தது. 2021இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், கையால் எழுதுவதாக முயலும் ஒருவரின் மூளைத் துடிப்புகளிலிருந்து நிமிடத்திற்கு 90 எழுத்துகளைத் திரையில் கொண்டுவந்தனர். 2023இல் பேச முயல்வதையே சொற்களாக மாற்றும் இரு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில் நிமிடத்திற்கு 62 சொற்கள், மற்றதில் 78. நாம் இயல்பாகப் பேசும்போது நிமிடத்திற்கு ஏறக்குறைய 150 சொற்கள் பேசுகிறோம். 2024இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்லச் செத்துப்போகும் ஏ.எல்.எஸ். நோயால் பேச்சுக் குழறிய ஒருவருக்கு 256 மின்முனைகள் பொருத்தப்பட்டன. அவர் சொல்ல முயன்றவற்றில் 97 விழுக்காட்டுச் சொற்கள் சரியாக வந்தன. நோய்க்கு முன் பதிவாகியிருந்த அவருடைய குரலை வைத்தே கணினி அவற்றை வாசித்தது. தாம் சொல்ல நினைத்த சொற்கள் சரியாகத் திரையில் தோன்றியதைக் கண்டு அவர் அழுதார்.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் இடையே கம்பியின்றிப் பாலம் அமைத்து, முடங்கிய ஒருவரை நடக்கவைத்ததும் 2023ஆம் ஆண்டில்தான். இவை யாவும் மகிழ்ச்சிக்குரியவை. இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

காதில் தொடங்கிய கதை

இதுவரை சொன்னவை மூளையிலிருந்து செய்தியை வெளியே எடுக்கும் கருவிகள். செய்தியை உள்ளே அனுப்பும் கருவிகள் இவற்றுக்கு மூத்தவை. பாரிஸ் நகரில் ஜூர்னோ, எய்ரியே என்ற இருவர் 1957இல் கேட்கும் திறனற்ற ஒருவரின் செவிநரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டினர். அக்கருவி சில காலத்தில் பழுதாயிற்று. ஆனால் அதில் பிறந்த எண்ணம் நிலைத்தது. 1961இல் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸும் 1978இல் மெல்பர்னில் கிரேம் கிளார்க்கும் அதை வளர்த்தெடுத்தனர். இன்று நம் வீடுகளிலும் அறிமுகமாகியிருக்கும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி இதுவே. 2019 டிசம்பர் வரை உலகெங்கும் ஏறத்தாழ 7,36,900 கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. மனிதன் செய்த நரம்புக் கருவிகளுள் ஆகப்பெரிய வெற்றி இதுதான் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் படைப்பையும் பொருளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் உட்செவியில் ஒலியை நரம்புக்கு உணர்த்தும் மயிரணுக்கள் ஏறத்தாழ 3,500 உள்ளன. அவற்றின் வேலையை இக்கருவியில் பெரும்பாலும் 12 முதல் 22 மின்முனைகளே செய்கின்றன. அவ்வளவு குறைந்த செய்தியிலிருந்து பேச்சைப் பிரித்தெடுப்பது கருவியன்று, குழந்தையின் மூளை. ஆகவேதான் சிறு வயதிலேயே பொருத்த வேண்டும் என்றும், பொருத்திய பின் பல ஆண்டுகள் பேச்சுப் பயிற்சி வேண்டும் என்றும் மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். நடுக்குவாத நோயாளிகளின் மூளையின் ஆழத்தில் மின்முனை வைக்கும் சிகிச்சையும் இவ்வினத்தைச் சேர்ந்தது. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் என்ற மருத்துவர் 1987இல் தொடங்கியது அது. அதன் மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கொருமுறை அறுவைச் சிகிச்சை செய்து மாற்ற வேண்டும். மீண்டும் மின்னேற்றக்கூடிய கலங்கள் கூடுதல் காலம் உழைக்கின்றன.

மின்கலத்தை மாற்ற வேண்டும் என்ற இந்தச் சிறு குறிப்பில்தான் நம்முடைய விஷயம் அடங்கியிருக்கிறது. உடலுக்குள் வைத்த கருவி ஒருமுறை வாங்கி முடித்துவிடும் சரக்கன்று. அதற்கு மின்கலம் வேண்டும், உதிரிப் பாகம் வேண்டும், மென்பொருள் வேண்டும், அதைப் பற்றித் தெரிந்த ஒரு மனிதர் தொலைபேசியின் மறுமுனையில் இருக்க வேண்டும். நியூராலிங்கின் முதல் நோயாளிக்கே அறுவைச் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலான இழைகள் மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன. மென்பொருளைத் திருத்தி எழுதியே அவருக்கு மீண்டும் பலன் கிடைக்கச் செய்தனர். மூளை கட்டியான பொருளன்று. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அது அசைகிறது. அதில் குத்திநிற்கும் அந்நியப் பொருளைச் சுற்றி உடல் தழும்பை வளர்க்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் குறிப்புகள் மங்கலாம். ஆகவே இக்கருவி வைக்கப்பட்டவருக்குப் பராமரிப்பு என்பது சிகிச்சையின் மறுபாதி.

கண்ணில் நடந்தது என்ன?

மாலைக்கண்ணில் தொடங்கி, விழித்திரையின் அணுக்கள் படிப்படியாக மடிந்து, முடிவில் பார்வையை முற்றிலும் பறிக்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. மருத்துவத்தில் அதை ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பர். அந்நோயாளிகளுக்காக அமெரிக்காவின் செகண்ட் சைட் என்ற நிறுவனம் 'ஆர்கஸ் 2' என்னும் செயற்கை விழித்திரையை உருவாக்கியது. அதன் கண்டுபிடிப்பாளர்களுள் முதன்மையானவர் பாகிஸ்தானில் பிறந்த கண் மருத்துவர் மார்க் ஹுமாயூன். நீரிழிவு நோயால் தம் பாட்டியார் பார்வையிழந்ததைக் கண்டதே அவரை இத்துறைக்கு இழுத்தது. எண்ணம் எவ்வளவு தூயது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூக்குக்கண்ணாடியில் ஒரு சிறு கேமரா. இடுப்பில் ஒரு பெட்டி. கண்ணுக்குள் 60 மின்முனைகள். கேமரா காண்பதைப் பெட்டி சுருக்கி, கம்பியின்றிக் கண்ணுக்கு அனுப்பும். நம் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் மூளைக்குச் செல்லும் நரம்பிழைகள் ஏறத்தாழ பத்து லட்சம். அந்த இடத்தில் அறுபது! எனவே கிடைத்தது நாம் அறிந்த பார்வையன்று, ஒளிப்பொட்டுகள், விளிம்புகள். ஆயினும் பல்லாண்டுகள் இருளில் இருந்தவருக்குக் கதவு எங்கிருக்கிறது, சாலையின் வெள்ளைக்கோடு எங்கே முடிகிறது என்று தெரிவது சிறிய விஷயமா? ஐரோப்பாவில் 2011இலும் அமெரிக்காவில் 2013இலும் அதற்கு அனுமதி கிடைத்தது. கருவியின் விலை மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலர். உலகில் 350க்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றனர்.

2019இல் நிறுவனம் இக்கருவியின் உற்பத்தியை நிறுத்தி, மூளையில் நேரடியாக வைக்கும் வேறொரு கருவியில் கவனம் செலுத்தப்போவதாகக் கூறியது. 2020 மார்ச்சில் பணமின்றித் தன் ஊழியர்களில் பெரும்பாலோரை வேலையிலிருந்து நீக்கியது. நோயாளிகள் நிலை என்னவாயிற்று? தமக்குக் கடிதமோ மின்னஞ்சலோ தொலைபேசி அழைப்போ எதுவும் வரவில்லை என்று அவர்களுள் ஒருவர் பின்னர் தெரிவித்தார். தலைசுற்றல் கண்ட அவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க மருத்துவர்கள் விரும்பினர். கண்ணில் அக்கருவி இருக்கும்போது எப்படி எடுக்க வேண்டும் என்று கேட்க நிறுவனத்தை அழைத்தால் பதில் சொல்ல ஆளில்லை. நெதர்லாந்தில் ஒருவருக்கு இடுப்புப் பெட்டி கீழே விழுந்து உடைந்தது. புதிது வாங்கக் கடையில்லை. பிறரிடம் கேட்டு அலைந்துதான் மாற்றுப் பெட்டியைக் கண்டடைந்தார். 2022 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க அறிவியல் ஏடு இவற்றையெல்லாம் விரிவாக வெளியிட்ட பிறகே உலகம் அறிந்தது. அந்நிறுவனம் அவ்வாண்டிலேயே வேறொரு நிறுவனத்தோடு இணைந்துபோயிற்று.

எண்ணிப் பாருங்கள். பார்வை ஒருமுறை போனபோது அது நோயினால் போயிற்று. மனிதன் பொறுமை கொண்டான். இரண்டாம் முறை போனபோது ஒரு நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கினால் போயிற்று.

இது ஒரேயொரு நிறுவனத்தின் கதையென்று நினைக்க வேண்டாம். கண்ணைச் சுற்றித் தாங்கவொண்ணா வலியைத் தரும் ஒருவகைத் தலைவலிக்கு நரம்புத் தூண்டி செய்துவந்த நிறுவனம் ஒன்று 2019இல் மூடப்பட்டபோது 700க்கும் மேற்பட்டோர் அக்கருவியை உடலில் தாங்கியிருந்தனர்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் வருத்தியது ஆஸ்திரேலியாவில் நடந்தது. வலிப்பு வருமுன் எச்சரிக்கும் மூளைக் கருவியை நியூரோவிஸ்டா என்ற நிறுவனம் மெல்பர்னில் 15 நோயாளிகளுக்குப் பொருத்தி ஆராய்ந்தது. வலிப்பு நோயின் கொடுமை வலிப்பு வரும் சில நிமிடங்களில் இல்லை. அது எப்போது வரும் என்று தெரியாமல் வாழும் எல்லா நாள்களிலும் இருக்கிறது. சமையலறையில் நிற்கலாமா, சாலையைக் கடக்கலாமா, குழந்தையைத் தூக்கலாமா என்ற அச்சம் விலகாது. கருவி கையிலிருந்த பெட்டியில் விளக்கை எரித்துக் காட்டியபோது ஒரு பெண்மணி முன்னெச்சரிக்கையாக மருந்து எடுத்துக்கொண்டார்; அச்சமின்றி வெளியே சென்றார். கருவி தம்மில் ஓர் அங்கமாகிவிட்டதாக உணர்ந்தார். நிறுவனத்திடம் பணம் தீர்ந்தது. கருவியை அகற்ற வேண்டும் என்றனர். அவரும் கணவரும் வீட்டை அடமானம் வைத்தாவது அதை வாங்கிக்கொள்ள முன்வந்தனர். பலனில்லை. கருவி அகற்றப்பட்டது. அதன் ஆய்வு முடிவுகள் 2013இல் சிறந்ததொரு மருத்துவ ஏட்டில் வெளியாயின. ஆய்வு வெற்றி.

அமானிதத்தின் இலக்கணம்

பிறர் பொருளை நாம் வாங்கி வைத்திருந்தால் அதை அமானிதம் என்கிறோம். இங்கே நிலைமை தலைகீழ். பிறர் உடலுக்குள் நம் பொருளை வைக்கிறோம். அப்போது அந்த உடலே வைத்தவனிடம் அமானிதமாகிவிடுகிறது. நோயாளி கையெழுத்திட்ட பத்திரத்தில் எத்தனை நிபந்தனைகள் எழுதியிருந்தாலும் இக்கடமை தீராது என்பதே என் கருத்து. மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சின்கி பிரகடனத்திலும், ஆய்வு முடிந்தபின் நோயாளிகளுக்கு அச்சிகிச்சை தொடர்ந்து கிடைக்க முன்னேற்பாடு வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் பிரகடனம் சட்டமன்று. பணம் தீர்ந்த நிறுவனத்தை அது கட்டுப்படுத்துவதும் இல்லை.

வழியே இல்லையா? இருக்கிறது. இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கரைப் பாருங்கள். இதயத்துக்குச் செல்லும் கம்பி ஒரு நிறுவனத்தினுடையதாகவும் மின்கலப் பெட்டி வேறொரு நிறுவனத்தினுடையதாகவும் இருந்தாலும் பொருந்தும்படி, இணைப்பு முனைக்குச் சர்வதேசப் பொது அளவு ஒன்றை 1990களிலேயே வகுத்துவிட்டனர். ஒரு நிறுவனம் மறைந்தாலும் நோயாளி நடுத்தெருவில் நிற்பதில்லை. மூளைக் கருவிகளில் இத்தகைய பொது ஏற்பாடு இன்னும் வேரூன்றவில்லை. அவரவர் பூட்டுக்கு அவரவர் சாவி. இந்நிலை மாறவேண்டும். கருவியின் வரைபடத்தையும் மென்பொருளையும் ஒரு மூன்றாம் தரப்பினரிடம் ஒப்படைத்துவைக்க வேண்டும். முதல் நோயாளிக்கு முதல் கருவியை வைக்கும் நாளிலேயே அவருடைய ஆயுட்காலப் பராமரிப்புக்கான தொகையைத் தொடமுடியாத நிதியாக ஒதுக்க வேண்டும். அனுமதி வழங்கும் அரசுகள் இவற்றை நிபந்தனையாக்கினாலன்றி நிறுவனங்கள் தாமே செய்யும் என்று நம்புவதற்கில்லை.

தொடமுடியாத நிதி என்றதும் நம்மில் பலருக்கு வக்ஃபு நினைவுக்கு வரும். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மருத்துவமனைக்கு, அதன் செலவு என்றென்றும் நடைபெறும்படி சொத்துகளை எழுதிவைத்தார். நிறுவியவர் சில ஆண்டுகளில் மறைந்தார். மருத்துவமனை பல நூற்றாண்டுகள் நடந்தது. அவ்விடத்தில் பிற்காலத்தில் ஒரு கண் மருத்துவமனையும் எழுந்தது. கட்டடத்தைவிடப் பராமரிப்புக்குத்தான் பணம் வேண்டும் என்பதை அக்காலத்து மக்கள் அறிந்திருந்தனர்.

உள்ளத்தின் கதவு

உள்ளத்தைப் படிப்பது பற்றிய அச்சத்திற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முன்பு கூறியதுபோல் இக்கருவிகள் அசைக்க முயல்வதையும் பேச முயல்வதையுமே படித்துவந்தன. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்ட் குழு வெளியிட்ட ஆய்வு ஒரு படி மேலே சென்றது. வாயை அசைக்க முயலாமல் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் சொற்களையும் ஓரளவு கண்டறிய முடிந்தது. அவ்வாய்வாளர்களே அதற்கு ஒரு பூட்டும் அமைத்தனர். நோயாளி மனத்துக்குள் ஒரு கடவுச்சொல்லை நினைத்தாலொழியக் கருவி கேட்கத் தொடங்காது. நல்ல ஏற்பாடு. ஆனால் பூட்டை விரும்பினால் வைக்கலாம் என்றிருப்பது வேறு, வைத்தே ஆகவேண்டும் என்றிருப்பது வேறு. நாவில் வராத எண்ணத்துக்கு மனிதர் எவரும் மனிதரிடம் கணக்குக் கேட்டதில்லை. அந்த எல்லையை எந்த வணிக நிறுவனத்துக்கும் திறந்துவிடலாகாது.

தென்னமெரிக்காவின் சிலி நாடு 2021இல் மூளையின் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறப்படும் தகவலையும் காக்கும் விதியைத் தன் அரசியலமைப்புச் சட்டத்திலேயே சேர்த்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தலையில் அணியும் மூளையலைக் கருவியை விற்ற நிறுவனமொன்று ஒருவரிடமிருந்து திரட்டிய தகவலை அழிக்குமாறு உத்தரவிட்டது. 2025 நவம்பரில் சமர்கந்தில் கூடிய யுனெஸ்கோ பொது மாநாடும் இத்துறைக்கான நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. தகவலைக் காக்க உலகம் விழித்துக்கொண்டது. தகவலைத் தரும் உடலைக் காப்பதில் அந்த விழிப்பு இன்னும் வரவில்லை. ஆரோக்கியமானவர்களும் மூளையில் கருவி வைத்துக்கொண்டு அறிவைப் பெருக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சையும் கேட்கிறோம். அது இன்றைக்கு வெறும் விளம்பரம். அதில் நேரத்தைச் செலவிடத் தேவையில்லை.

நம் வாசலில்

இவையெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடப்பவை, நமக்கென்ன என்று கேட்கலாம். தமிழகத்தில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்த பெரும் உதவி இது. அக்குழந்தைகளின் உள்ளே வைத்த பகுதி ஆயுள் முழுதும் நிலைக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டது. காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிக்கருவி அப்படியன்று. சில ஆண்டுகளில் அது தேயும். வியர்வையும் மழையும் அதைக் கெடுக்கும். கம்பி அறுந்துபோகும். ஒருநாள், 'இந்த வகைக்கு இனி உதிரிப் பாகம் வராது' என்று நிறுவனம் அறிவிக்கும். அன்றைக்கு அக்குழந்தை ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ இருக்கும்.

ஜும்ஆ முடிந்தபின் பள்ளிவாசலில் மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டு எழுந்து நிற்பவர்களை நாம் அறிவோம். அறுவைச் சிகிச்சை என்றால் கைகள் தாராளமாக நீளுகின்றன. நான்காண்டு கழித்து அதே தந்தை, 'கம்பி மாற்ற வேண்டும், பெட்டரி வாங்க வேண்டும்' என்று நின்றால், 'இவருக்குத்தான் அன்றே கொடுத்தோமே' என்று முணுமுணுப்பவர்களும் நம்மில் இருக்கின்றனர். செகண்ட் சைட் நிறுவனம் செய்ததற்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

ஆகவே இத்தகைய குழந்தையுள்ள பெற்றோர், அறுவைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சில விவரங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளிக்கருவிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? உத்தரவாதம் முடிந்தபின் கம்பி, காந்தச் சுருள், மின்கலம் ஆகியவற்றின் விலை என்ன? பழுது பார்க்கும் இடம் எந்த ஊரில் இருக்கிறது? பழுதுபார்க்கும் நாள்களில் மாற்றுக் கருவி தருவார்களா? எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் யாரைக் கேட்க வேண்டும்? கருவியின் பெயரையும் வரிசை எண்ணையும் குறித்த அட்டையின் நகலைக் குழந்தையின் பள்ளியிலும் கொடுத்துவையுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள், சிகிச்சைக்கு வசூலிக்கும் நாளிலேயே அக்குழந்தையின் பெயரில் தனிக் கணக்கொன்று திறந்து, வசூலில் ஒரு பகுதியை அதில் போட்டுவைக்கலாம். ஆண்டுக்கொருமுறை ரமலானுக்கு முன் அக்கணக்கைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பி வரலாம்.